பினாங்கில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்தால்

தென்காசிப் பக்கத்துக்காரர் யாராவது மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குப் போனால், சொந்த ஊர் ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதே இல்லை. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருப் பக்கம் சோறும் குழம்பும் போடும் நாசி கண்டார் கடை ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து, தட்டு கொண்டுவரும் தம்பியிடம் தமிழில் நாலு வார்த்தை பேசினால் போதும், நம் பேச்சின் இழுப்பைக் கேட்ட உடனே "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று வந்துவிடும். எனக்குப் புளியங்குடி. வேலை விஷயமாக மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்துகொண்டிருப்பதால் இந்தக் கேள்விக்கு நிறைய தடவை பதில் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பேரைச் சொன்னதும் எதிரில் நிற்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே பினாங்கு போகலாம். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு அப்புறம் என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது, எதற்குச் சரி என்று தலையாட்டக் கூடாது என்பதெல்லாம் பலபேரிடம் பழகித்தான் எனக்குப் புரிந்தது. முதல் தடவை போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நீங்கள் பார்க்கும் ஊர்க்காரர்கள் இரண்டு வகை. ஒருவர், தாத்தா காலத்தில் வந்த குடும்பம், மலேசியக் குடிமகன், கடை சொந்தக் கடை. இன்னொருவர், வேலை பெர்மிட்டில் வந்த தம்பி, கடைக்கு மேலே மாடியில் நாலைந்து பேரோடு தங்கியிருப்பவர். இருவருமே "நம்ம ஊரு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் நம்மிடம் வேண்டியது வேறு வேறு. இதைக் கவனிக்காமல் எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கும்.

பழைய குடும்பங்களின் கதை பெரியது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போக ஆரம்பித்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. தறி நெய்து பிழைத்தவர்கள் நிறைய பேர். ஊரில் தறிக்கு வேலை இல்லாமல் போன காலங்களில் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினார்கள். ரஜூலா என்ற கப்பல் 1926-லிருந்து 1970-கள் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. அந்தப் பெயரைச் சொன்னாலே பினாங்கில் எழுபது வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பின்னால் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்தது, அதோடு கப்பல் பயணம் முடிந்துபோனது. மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய காலத்தில், கடையநல்லூர்க்காரர்கள் பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பமாகத் தங்கினார்கள். சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் சாலையை ஒட்டி 'கடையநல்லூர் தெரு' என்று பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நம் ஆட்கள் நிறைய இருந்த காலத்தின் அடையாளம் அது. அங்கே 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் அமைத்து, 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள். பிழைக்கப் போன இடத்தில் சங்கம் வைத்த கையோடு பள்ளிக்கூடமும் கட்டியவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது, நான் அந்த ஊர்க்காரன் இல்லை, பக்கத்து ஊர்தான் என்றாலும்.

பினாங்கில் இந்தப் பெரியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கபித்தான் கெலிங் பள்ளிவாசல் சுற்றுவட்டாரம்தான் சரியான இடம். 1801-ல் தோன்றிய பள்ளிவாசல். பக்கத்திலேயே சூலியா தெருவில் நாகூர் தர்கா. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் நம் பக்கத்துப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஆனால் அது அவர்கள் தொழுகைக்கு வரும் நேரம், வாசலில் மறித்துப் பேச வேண்டாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, கடையில் தே தாரிக் (ஆற்றிக் கொடுக்கும் பால் டீ) ஒன்று வாங்கிக்கொண்டு உட்காருங்கள். "பசியாறியாச்சா?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். அங்குள்ள தமிழில் அதுதான் வணக்கம் மாதிரி.

அப்படி ஒரு பெரியவரிடம் நான் பழகினேன். அவருடைய தாத்தா கடையநல்லூர்ப் பேட்டையிலிருந்து வந்தவர். இவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், மலாய், ஹொக்கியன் என்ற சீன மொழி, தமிழ் மூன்றும் சரளம். ஊருக்கு வந்ததே சின்ன வயதில் ஒருமுறைதான். அவரிடம் நான் கருப்பாநதி அணையைப் பற்றியோ நாலுவழிச் சாலையைப் பற்றியோ பேசினால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் கேட்டது, "இன்னும் தறிச் சத்தம் கேக்குமா தம்பி?" என்று. முன்னே மாதிரி இல்லை, ரொம்பக் குறைந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருடைய வாப்பா சொன்ன கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. இந்த வயதுக்காரர்களிடம் நம் வேலை பெரும்பாலும் கேட்பதுதான். "இப்ப அப்படி இல்லீங்க, எல்லாம் மாறிப்போச்சு" என்று வரிக்கு வரி திருத்திக்கொண்டே இருந்தால் கதை நின்றுவிடும். அவர்கள் மனதில் இருக்கும் ஊர் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஊர், அதை அவர்கள் சொல்லிக் கேட்கிற வாய்ப்பு நமக்கு இனிமேல் அதிக நாள் இருக்காது.

பெர்மிட்டில் வந்த தம்பிகளிடம் கதை நேர்மாறு. அவர்களுக்கு இன்றைய செய்தி வேண்டும், நிறைய வேண்டும். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே சொல்கிறேன்: குத்தாலத்துல சாரல் விழுதா, மெயின் அருவில குளிக்க விடுறாங்களா, பொதிகை ரயில்ல டிக்கெட் கெடைக்குதா, சங்கரன்கோயில் தபசுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டாங்களா, எலுமிச்சை என்ன வெலை போகுது. அவன் வீட்டில் எலுமிச்சை மரம் ஒன்றுகூடக் கிடையாது! இருந்தாலும் கேட்டான். அதனால்தான் சொல்கிறேன், புறப்படும் முன் ஊரைப் பற்றிய இந்தச் சின்னச் சின்ன விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். இன்னொன்றும் செய்யலாம், நான் இப்போது எப்போதும் செய்வது: போனில் ஊரைச் சும்மா படம் பிடித்துக்கொண்டு போவது. திருவிழா வீடியோ, கோபுரம் எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு, காலைச் சந்தை, ரோட்டோர டீக்கடை இதுகள்தான் வருவதில்லை. அந்தத் தம்பி, நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எடுத்த ராஜபாளையம் செங்கோட்டை ரோட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்தப் புளியமரத்த வெட்டிட்டாங்களா?" என்றான். ரோடு அகலப்படுத்தும் வேலைக்காக வெட்டியது. மரம் நின்ற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

பேசும் நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் சுற்றிப்பார்க்கப் போனவர்கள், அவர்கள் வேலையில் இருப்பவர்கள். கூட்ட நேரத்தில் ஊர்க்காரன் என்று பிடித்துவைத்துப் பத்து நிமிஷம் பேசினால் அப்புறம் ஏச்சு வாங்குவது அவன்தான். "தம்பி, எப்ப ஓய்வா இருப்ப?" என்று கேட்டு அந்த நேரத்துக்குத் திரும்பப் போங்கள். பினாங்கு நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, அதனால் அவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடித்தாலும் ஊரில் எட்டரைதான், வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள். அந்த நேரத்தில் நீங்களும் பக்கத்தில் இருந்து வீடியோ காலில் ஒரு வணக்கம் சொன்னால் அவன் வீட்டுக்கு அவ்வளவு நிம்மதி.

சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பெர்மிட் இருக்கிறதா என்றும் நாமாகக் கேட்கக் கூடாது. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் ஒன்று, எழுதச் சங்கடமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நம் மாவட்டங்களில் "எந்த ஊரு" என்ற கேள்விக்கு அடுத்து "எந்தத் தெரு" என்று வரும், அதற்கு அடுத்து "நீங்க என்ன ஆளுக" என்று வரும். கடல் தாண்டியும் இது விடவில்லை. ஊர் என்று கேட்டு மலர்ந்த முகம் இந்தக் கேள்விக்குச் சுருங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே அறையில், ஒரே சட்டியில் பொங்கித் தின்னும் பிள்ளைகளுக்கு நடுவில் நாம் போய் இந்த விஷத்தைப் போட வேண்டாம். ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவராகத் தெருவைச் சொன்னாலும் அங்கிருக்கும் டீக்கடையைப் பற்றிப் பேசுங்கள்.

அந்த வாசுதேவநல்லூர்த் தம்பியை ஒரு போட்டோ எடுத்து அவன் அம்மாவுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். கடைக்குள் வேண்டாம், கடற்கரையில் எடுங்கள் என்றான். லீவு நாளில் பாடாங் கோத்தா கடற்கரைக்கு வந்தான், இஸ்திரி போட்ட சட்டை, முழுக்கை. வெயிலில் எதற்கடா முழுக்கை என்று கேட்க வாயெடுத்தேன், அப்போதுதான் மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்த தழும்புகள் கண்ணில் பட்டன. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எளச்சிட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்றான். இது எனக்குப் பெரிய பாடம். ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் வீட்டுக்குப் போய் நாம் பார்த்ததையெல்லாம் கொட்டிவிடக் கூடாது. வீட்டில் என்ன சொல்லட்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வாசுதேவநல்லூர் போனபோது அந்த அம்மா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது "முடி வெட்டியிருக்கானா?" என்று. வெட்டியிருக்கான் அம்மா, நல்லா இருக்கான், வேலை ஜாஸ்தி, சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்றேன். எல்லாம் நிஜம்தான்.

அடுத்தது பார்சல். இதில் கொஞ்சம்கூட இளக்கம் வேண்டாம். ஊரிலிருந்து புறப்படும்போது "நம்ம பையன் அங்கதான் இருக்கான், இதைக் கொஞ்சம் கொடுத்துருங்க" என்று ஒரு பை வரும். ஒட்டிய பை என்றால் வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, நீங்களே உங்கள் பெட்டியில் அடுக்குங்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. நம் அம்மாக்கள் அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருக்கும், அது சிங்கப்பூரிலும் துபாயிலும் தடைசெய்யப்பட்ட பொருள். நம்மூரில் மளிகைக் கடையில் பொட்டலம் போட்டுக் கொடுக்கிறார்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. மாத்திரைகளும் அப்படித்தான், டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு அட்டைகூட எடுத்துப் போகாதீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. "எனக்குத் தெரியாது, ஊர்க்காரர் கொடுத்தார்" என்று விமான நிலையத்தில் சொல்லித் தப்பிக்க முடியாது. முறுக்கு, அதிரசம், குடும்பப் போட்டோ, புதுச் சட்டை, இதற்குமேல் நான் எதுவும் எடுத்துப் போவதில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

திரும்பும்போது தங்கம். "ஒரு செயின் மட்டும், கழுத்துல போட்டுட்டுப் போயிருங்க, திருச்சில நம்ம ஆளு வாங்கிக்குவான்" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். இப்படித்தான் ஆட்களைக் குருவி, அதாவது கடத்தல் பொருளைச் சுமப்பவர், ஆக்குகிறார்கள். ஊர்ப் பேரைச் சொல்லிக் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று இதைவிடச் சாதாரணமாகத் தெரியும்: "இங்க உங்களுக்கு வெள்ளியாத் தாரேன், ஊர்ல எங்க வீட்டுல ரூபாயாக் குடுத்துருங்க." வெள்ளி என்றால் அங்கே ரிங்கிட். கைமாற்று உதவி மாதிரித் தோன்றும், ஆனால் இதுவும் வங்கி வழியாகப் போகாமல் பணத்தைக் கைமாற்றும் உண்டியல் கணக்குதான், நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி செய்யக் கூடாது. இப்படிக் கேட்ட தம்பி ஒருவனைப் பக்கத்தில் இருந்த உரிமம் பெற்ற பண மாற்றுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவன் பாஸ்போர்ட்டைக் காட்டி அனுப்ப வைத்தேன். ரசீது கையில் இருப்பது அவனுக்கும் நல்லது.

பாஸ்போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார் என்று எந்தத் தம்பியாவது சொன்னால், மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்பூர்வ அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். கடை முதலாளியிடம் நாமே போய்ச் சண்டை போட வேண்டாம், நாம் விமானம் ஏறிவிடுவோம், அவன் அங்கேயே இருக்க வேண்டும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் தொழிலாளர் பிரச்சினைகளைக் கேட்க ஆள் இருக்கிறார்கள், வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் வீட்டார் மூலமாக எழுதலாம். அவன் சம்மதித்தால், வீட்டாரோடு உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுப்பதுதான் நாம் ஊருக்குத் திரும்பிச் செய்யக்கூடிய நிஜமான உதவி. எழுதத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு தெம்பு என்பது கூடப் போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திருச்சி விமான நிலையத்திலேயே இன்னொரு வகை ஊர்க்காரரைப் பார்ப்பீர்கள். முதல் பயணம், கையில் ஒரு சின்னப் பை, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஒரு நம்பர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் 30 நாள் வரை சுற்றுலா போக முடிகிறது. அப்படிச் சுற்றுலாப் பயணியாக உள்ளே போய் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும், அந்த நடைமுறையே ஏமாற்றுப் பேர்வழிகளிடமிருந்து காப்பாற்றத்தான் இருக்கிறது. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் பையன் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லுங்கள், சிலர் அதற்கே காசு வாங்கிவிடுகிறார்கள். வேலைக்குப் போவதாக அவன் சொன்னால், எந்தக் கம்பெனி, கடிதம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டு, வீட்டுக்கு அந்த ஏஜென்ட் நம்பரையும் தங்கும் முகவரியையும் அங்கேயே அனுப்ப வையுங்கள். பல பேரிடம் இதைச் செய்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடையநல்லூர்ப் பெரியவர் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். தாத்தா வீடு இருந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன், கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. இந்த மாதிரி வேலையை ஏற்றுக்கொண்டால் அங்கேயே சில விவரங்களை வாங்கிவிடுங்கள்: தாத்தா பெயர், அவர் வாப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர், எந்தப் பள்ளிவாசல் ஜமாத். பட்டப்பெயர்தான் முக்கியம். ஒரே பெயரில் ஊரில் நூறு பேர் இருப்பார்கள், பட்டப்பெயர் சொன்னால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவேடு இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் ஊரில் போய் விசாரிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கிலிருந்து இன்னார் பேரன் கேட்டார் என்று வாயெடுத்ததும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் வருவது பயம். பாகம் கேட்க வந்திருக்கிறார்களோ என்று. நியாயமான பயம்தான், தலைமுறை தலைமுறையாக அவர்கள்தான் தீர்வை கட்டி ஓடு மாற்றி அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால் நான் கதவருகிலேயே நின்று, சொத்து விஷயமாக வரவில்லை, ஒரு போட்டோவுக்காக வந்தேன் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னேன், பெரியவர் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்த குரல் செய்தியையும் போட்டுக் காட்டினேன். உள்ளேயிருந்து வயதான பெண்மணி ஒருவர் வந்து அதைக் கேட்டுவிட்டு, "குரல் எங்க மாமா குரலாட்டம் இருக்கு" என்றார். பிறகு நாற்காலி வந்தது, டீ வந்தது, பழைய தறிக்குழி இருந்த இடத்தை, இப்போது சிமெண்ட் போட்டு மூடியிருக்கிறது, காட்டினார்கள். அந்தத் தரையைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். பட்டா, பத்திரம் என்று யாராவது ஒரு பக்கத்திலிருந்து கேட்க ஆரம்பித்தால் நாம் விலகிக்கொள்ள வேண்டும், அது வக்கீல் பார்க்கும் வேலை.

இப்போது பெரியவரின் பேரப்பிள்ளைகள் ஊரைப் பார்க்க வர வேண்டும் என்கிறார்கள். 18 முதல் 30 வயது வரையிலான அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிவந்து காட்டும் 'வேர்களைத் தேடி' என்ற அரசுத் திட்டம் 2023-லிருந்து நடக்கிறது, அதில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தனியாக வந்தால் எந்த மாதம் நல்லது என்று கேட்டார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் வாருங்கள், அப்போதுதான் குற்றாலத்தில் சாரல் இருக்கும், சனி ஞாயிறு அருவிப் பக்கம் போக வேண்டாம், கூட்டம் தாங்காது, தங்கும் அறையைத் தென்காசியில் போட்டுவிட்டு, கடையநல்லூருக்குச் செவ்வாய் புதனில் காலையிலேயே போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்னையிலிருந்து பொதிகையில் டிக்கெட் போடுவது என் பொறுப்பு, முன்பதிவு திறக்கும் அன்றைக்கே போட்டால்தான் கிடைக்கும்.